சாம்பியன் ரீப்ஸ் ஆஸ்பத்திரி

கோலார் தங்கவயலில் எனக்குப் பிடித்த கட்டடம் எதுவென்றால், சாம்பியன் ரீப்ஸ் ஆஸ்பத்திரிதான். தங்கச் சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி காலத்துச் சொத்து. 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கத்தில் பாறை வெடித்தால், அடிபட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்த வாசல். காயம் ஆறிவிடும்; கல்தூள் படிந்த நுரையீரல் ஆறாது. சிலிகோசிஸ் என்ற அந்த நோயின் பெயரை எழுத்தறியாத பாட்டிகளும் பிழையில்லாமல் சொல்லும் ஊர் இது! வெளியே வந்தால் தொழிலாளர்களின் லைன் வீடுகள், அப்பால் தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு. காற்றடித்தால் அந்த மேட்டின் தூள், சுரங்கத்தையே பார்க்காதவர் வீட்டுக்குள்ளும் வரும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது, ஆஸ்பத்திரியும் பாழடைந்தது. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தபோது ஊர்க்காரர்களே துடைப்பத்தோடு உள்ளே போனார்கள். இருபது வருஷத் தூசியைக் கூட்டித் தள்ளிவிட்டு, மறுபடியும் கட்டில் போட்டார்கள்.