உடைகலமும் அச்சமும்

கடலடியிற் கிடக்கும் கப்பலொன்று. புதையலையோ இரகசியத்தையோ தேடி அதனுள் இறங்கும் சுழியோடிகள் சிலர். துருவேறிய கதவுகளுக்கு அப்பால் அவர்களுக்காகக் காத்திருக்கும் ஏதோ ஒன்று. இறுதியில் ஒருவன் மட்டும் மேலே வருகிறான், அல்லது எவருமே வருவதில்லை. ஆழ்கடற் பயங்கரக் கதைகளுட் பெரும்பாலானவை இச்சட்டகத்துள் அடங்கிவிடும். மேனாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்டுவரும் இவ்வகைக் கதைகள், நாவலாகவும் திரைப்படமாகவும் உலகெங்கும் பரவி, நம் வகுப்பறைகளின் பின்வாங்குகள்வரை வந்து சேர்ந்துள்ளன.

இவற்றை நச்சிலக்கியம் என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடும் நண்பர்கள் நம்மிடையே உளர். ஒதுக்குவது எளிது, ஆனால் அது விமர்சனமாகாது. மாணவன் இரவு விழித்திருந்து படிக்கும் நூல் அவனிடத்தே எதைத் தொடுகின்றது என்று கேட்பதே ஆசிரியனின் கடமை. அது தொடுவது அச்சத்தை. அச்சம் இழிந்த உணர்ச்சியன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அதனையும் ஒன்றாக வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் வகுத்தார். பேயும் தெய்வமும் போன்று மனிதரை வருத்தும் சக்திகள் அணங்கு எனப்படும். இறை என்பது தம்மை ஆள்வோரைக் குறிக்கும். பேய்க்கு அஞ்சுவதையும் ஆள்வோருக்கு அஞ்சுவதையும் ஒரே வரிசையில் வைத்த அப்பழைய இலக்கணம், இக்கதைகளை அளப்பதற்கு நமக்குச் சிறந்ததோர் அளவுகோலாகும். மூழ்கிய கப்பலை மணிமேகலை உடைகலம் என்ற சொல்லால் வழங்கும். நவீன உடைகலக் கதைகளில் அணங்கு நிரம்பத் தோன்றுகின்றது. ஆனால் கள்வரும் இறையும் எங்கே போயினர்? இதுவே நம் வினா.

கப்பல்கள் எல்லாம் புயலால் மட்டும் மூழ்கியவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியாவில், உழுத்துப்போன கப்பல்களில் அளவுக்கு மீறிப் பாரமேற்றி, அவற்றின் பெறுமதிக்கு மேலாகக் காப்புறுதி செய்து கடலுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. கப்பல் கரை சேர்ந்தால் கூலிச் சரக்கின் இலாபம். சேராவிட்டால் காப்புறுதிப் பணம். இரண்டிலும் நட்டமடைந்தவன் மாலுமி ஒருவனே. ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டபின் கப்பலேற மறுத்த மாலுமிகள் சிறைக்கு அனுப்பப்பட்டனர். சவப்பெட்டிக் கப்பல்கள் என்று பெயர்பெற்ற இக்கலங்களுக்கு எதிராகச் சாமுவேல் பிளிம்சொல் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1873 இல் நூலெழுதிப் போராடினார். 1876 ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் புறத்தே பாரக்கோடு இடவேண்டுமென விதித்தது. ஆனால் அக்கோட்டை எந்த உயரத்தில் இடுவதென்பதோ 1890 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கப்பலுடையவனின் விருப்பத்திற்கே விடப்பட்டிருந்தது! கடலடியில் யார் கிடக்கிறார்கள், ஏன் கிடக்கிறார்கள் என்பதற்கு வரலாறு தரும் விடைகளுள் இது ஒன்று.

இந்த உலகிலிருந்து வந்தவர் வில்லியம் ஹோப் ஹொட்ஸன். 1877 இற் பிறந்த அவர், 1891 இல், பதின்மூன்றாம் வயதிலேயே, வணிகக் கப்பலொன்றிற் பயிலுநராகச் சேர்ந்தவர். கடல் வாழ்க்கையின் கசப்பு அவர் எழுத்திலே ஊறியுள்ளது. 1909 இல் வெளிவந்த 'பேய்க் கொள்ளையர்' என்ற நாவலில் மனிதர் மூழ்கிய கப்பலைத் தேடிப் போவதில்லை. நீருக்கடியிலுள்ள நிழற்கப்பல்களிலிருந்து நிழலுருவங்கள் இவர்களின் கப்பலைத் தேடி வருகின்றன. சான் பிரான்சிஸ்கோத் துறைமுகத்தில் பழைய மாலுமிகள் கூலியையும் துறந்து அக்கப்பலை விட்டு ஓடிவிடுகின்றனர். வில்லியம்ஸ் என்ற இளம் மாலுமி மட்டும் எஞ்சுகிறான். நிழல்களை அவனும் அறிவான். ஆனால் உழைத்த கூலியை வாங்காமற் போவதில்லை என்பது அவன் உறுதி. பின்பு ஓரிரவு பாய்மர உச்சியிலிருந்து அவன் வீழ்ந்து மடிகிறான். கூலி அவன் கைக்கு வரவேயில்லை.

பேய் இருப்பது தெரிந்தும் கூலிக்காகத் தங்குகின்றவனைப் படைத்த இடத்திலே, ஹொட்ஸன் பேய்க்கதையின் எல்லையைக் கடந்துவிடுகிறார் என்றே நாம் கருதுகிறோம். பாய் சுருட்ட இருளில் மேலேறும் மாலுமியின் நடுக்கத்தில் எது நிழலுருவம் தந்தது, எது அன்றாடத் தொழில் தந்தது என்று பிரித்தறிய முடியாது. அந்நாவலின் வலிமை இதுவே. அதன் குறையும் இவ்விடத்திலேதான் இருக்கின்றது. கப்பலின் சொந்தக்காரன் கதையின் எல்லைக்குள் வருவதேயில்லை. நிழலுருவங்களுக்கும் பெயரில்லை, வரலாறில்லை. தொழிலாளியின் அச்சத்தை உண்மையாக எழுதிய ஹொட்ஸன், அதன் வேரைத் தோண்டிப் பார்க்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராப்ட் 1920 இல் எழுதி, 1925 இல் அச்சேறிய 'ஆலயம்' என்ற சிறுகதை வேறொரு திசையிற் செல்கின்றது. முதலாம் உலக யுத்த காலத்து ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தளபதி, பிரித்தானியச் சரக்குக் கப்பலொன்றை மூழ்கடித்தபின், உயிர் தப்பிய மாலுமிகளின் படகுகளையும் சுட்டு அழிக்கிறான். பின்னர் அவனுடைய மாலுமிகள் கலக்கமுறுகின்றனர். நீரடிச் சாளரங்களுக்கு வெளியே பிணங்கள் மிதந்து செல்வதையும், அவை தம்மை உற்று நோக்குவதையும் கண்டதாகச் சொல்கின்றனர். அதுமட்டுமன்று, ஊதிப்போன அம்முகங்களைத் தாம் கொன்றோரின் முகங்களென்று அடையாளமும் காண்கின்றனர். தளபதியோ இதனைக் கீழ்மக்களின் மூடநம்பிக்கை என இகழ்கிறான். இறுதியில் எஞ்சிய மாலுமிகளைத் தானே சுட்டுக் கொல்கிறான்.

இங்கே ஆசிரியரின் கையில் ஒரு மகத்தான கதை இருந்தது. கொல்லப்பட்டவரைக் கொன்றவன் அடையாளம் காணும் கணத்தைவிடப் பயங்கரமானது வேறெது? ஆனால் மாலுமிகள் மடிந்ததும் அப்பிணங்களும் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றன. கலம் கடலடி நகரமொன்றை அடைகின்றது. ஆதிகால ஆலயமொன்றில் மர்ம ஒளி தோன்றுகின்றது. தளபதி அதனை நோக்கி நடக்கிறான். தளபதியின் செருக்கை லவ்கிராப்ட் கேலி செய்கிறார் என்பது உண்மையே. ஆயினும் குற்றத்திலிருந்து பிறந்த அச்சத்தை, மனிதனுக்குத் தொடர்பற்ற புராதன மர்மமாக அவர் மாற்றிவிடுகிறார். கண்டவர்கள் மாலுமிகள், கதையோ காணாதவனோடு போகின்றது. இதற்குப்பின் எழுந்த உடைகலக் கதைகள் பலவற்றில் நாம் காண்பது இந்த மடைமாற்றத்தையே. இறை செய்த தீங்கு அணங்கின் கணக்கில் எழுதப்படுகின்றது.

பி. திராவன் 1926 இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட 'மரணக் கப்பல்' இதற்கு நேர்மாறானது. அங்கே அமானுஷ்யமாக எதுவுமில்லை. கடதாசிகளை இழந்த மாலுமியொருவனை எந்த நாடும் தன் பிரசையென ஏற்க மறுக்கின்றது. அவனைப் போன்றோரே ஏறக்கூடிய ஓட்டைக் கப்பலொன்றில் அவன் தீமூட்டுந் தொழிலாளியாகிறான். ஈற்றில், காப்புறுதிக்காகவே மூழ்கடிக்கப்படவிருக்கும் கப்பலொன்றுக்கு அவன் கடத்திச் செல்லப்படுகிறான். பெயர்ப்பதிவில் இல்லாத உயிருள்ள மனிதரே திராவனின் பேய்கள். கள்வரும் இறையும் ஒருவரே என்பதை இந்நாவலைப்போல் உரத்துச் சொன்ன கடற்கதை அரிது.

கடலில் எறியப்பட்டோரின் பக்கத்திலிருந்தே எழுதினால் என்னாகும்? இதற்கு விடையாக வந்தது, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிவர்ஸ் சொலமன் 2019 இல் வெளியிட்ட 'ஆழம்' என்ற குறுநாவல். அதற்குப் பின்னால் நிற்கும் வரலாற்றையும் நாம் நினைத்தல் வேண்டும். 1781 இல் 'ஸொங்' என்ற பிரித்தானிய அடிமைக் கப்பலிலிருந்து நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட ஆபிரிக்கர் உயிரோடு கடலில் எறியப்பட்டனர். கப்பலின் சொந்தக்காரர் தலைக்கு முப்பது பவுண் வீதம் காப்புறுதி கோரினர். 1783 இல் அவ்வழக்கு மன்றுக்கு வந்தபோது அது கொலை வழக்காகவன்றி, சரக்கு நட்ட வழக்காகவே விசாரிக்கப்பட்டது. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அடிமைக் கப்பல்களிலிருந்து எறியப்பட்ட கர்ப்பிணிகளின் சிசுக்கள் கடலிலே பிறந்து, நீரிற் சுவாசிக்கும் ஓர் இனமாக வாழ்கின்றன என்பதே 'ஆழம்' கதையின் கற்பனை. அந்த இனத்தவர் தம் பிறப்பின் கொடுமையை மறந்து வாழ்கின்றனர். யேது என்ற ஒருத்தியே முன்னோர் அனைவரின் நினைவுகளையும் சுமக்கிறாள். ஆண்டுக்கொருமுறை மட்டும் அவற்றை எல்லோருக்கும் வழங்கி, மீண்டும் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பாரம் தாங்காது அவள் தப்பியோடுகிறாள். இறுதியில், நினைவை எல்லோரும் சேர்ந்தே சுமப்பதென்று ஆகின்றது. பேய் பிடித்தல் என்பதை இறந்தோரின் நினைவாகவும், பேயோட்டுதல் என்பதை அந்நினைவைப் பகிர்ந்துகொள்வதாகவும் மாற்றியமைத்தது இந்நூலின் பெருஞ் சாதனை. போரில் இறந்தோரின் நினைவை ஒவ்வொரு வீடும் தனித்தனியே சுமக்கும் நாட்டில் வாழும் நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

குறையும் உண்டு. நிகழ்ச்சியிலே தானே விளங்கக்கூடிய பொருளை, ஆசிரியர் சிலவிடங்களில் வாக்குமூலம்போல் விரித்துரைத்து விடுகிறார். இதனை நாம் சொல்வதற்குக் காரணமுண்டு. முற்போக்கு எழுத்து என்ற பெயரில், பேய்க்குப் பதிலாகக் கொடிய முதலாளியொருவனை நிறுத்திவிட்டால் போதுமென எண்ணுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். அது அச்சத்தையும் கெடுக்கும், கருத்தையும் கெடுக்கும். கூலிக்காகத் தங்கிய வில்லியம்ஸைப் படைத்த ஹொட்ஸன் எக்கோட்பாட்டையும் பறைசாற்றவில்லை. உழைப்பின் உண்மையை அறிந்து எழுதினார். அவ்வுண்மையே அவரை அவ்வளவு தூரம் கொண்டு சென்றது. அச்சம் கலையாவது அனுபவ உண்மையால், கோஷத்தால் அன்று.

உடைகலங்கள் பழங்கதையும் அல்ல. மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரில் 9 ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. அன்று அதில் மாண்டோர் 307 பேர். இன்று சுழியோடிகள் அதனைக் காணச் செல்கின்றனர். நம் எழுத்தாளரொருவர் நாளை அதனுள் இறங்கும் கதையை எழுதலாம். அங்கே அவர் எதைக் காணப்போகிறார் என்பதே கேள்வி.

மத்தியதரைக் கடலில் உண்மையாகவே ஒரு முறை அவ்வாறு இறங்கிப் பார்த்தனர். 2015 ஏப்ரில் 18 ஆந் திகதி, லிபியாவிலிருந்து அகதிகளை ஏற்றிவந்த மீன்பிடிக் கலமொன்று மூழ்கியது. உயிர் தப்பியோர் 28 பேர். மாண்டோர் பல நூற்றுவர். 2016 இல் இத்தாலி அக்கலத்தை ஏறத்தாழ 370 மீற்றர் ஆழத்திலிருந்து உயர்த்தியது. அதனுள்ளிருந்த உடல்களை மருத்துவர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றுக்குரிய பெயர்களைத் தேடினர். அங்கே அணங்கு எதுவும் இருக்கவில்லை. மாலி நாட்டிலிருந்து வந்த, பதினான்கு வயது மதிக்கத்தக்க சிறுவனொருவனின் மேலங்கியின் உட்புறத்தே கடதாசியொன்று தைக்கப்பட்டிருந்தது. அது அவனுடைய பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை.

தேர்ச்சி அறிக்கைகளில் ஆண்டுதோறும் புள்ளியிட்டுக் கையொப்பமிடுவோர் நாம். கரை சேர்ந்தால் தான் யாரென்று காட்ட அச்சிறுவன் தேர்ந்தெடுத்த சான்று நம் தொழிலின் கடதாசியாகும். உடைகலக் கதை எழுதப் புகுவோர் அணங்கை எழுதட்டும். அது கலையின் உரிமை. இறையை மறைப்பதற்காக அணங்கை எழுதாதிருக்கட்டும். அத்தகைய கதையை நம் மாணவனிடம் நாமே எடுத்துக் கொடுப்போம். இரவு விழித்திருந்து படிக்கட்டும்.