அளவையும் அறிக்கையும்: பல்கலைக்கழகங்களின் நிலைபேற்றுக் கணக்கு

ஒருவர் கூறியதை ஆராயாது ஏற்றலாகாது என்று கற்பிப்பது பல்கலைக்கழகத்தின் தலையாய தொழில். அத்தகைய நிறுவனம் தன்னைப் பற்றித் தானே அறிக்கை விடுக்குங்கால் அவ்வறிக்கையும் அதே ஆராய்ச்சிக்கு உட்படுதல் முறையேயாம். நிலம், நீர், எரிபொருள் ஆகியவற்றை வருங்காலத்தார்க்கும் எஞ்சுமாறு பயன்படுத்துதல் நிலைபேறு எனப்படும். இத்துறையில் தாம் ஆற்றியவற்றைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இன்று கணக்கிட்டு வெளியிடுகின்றன. அக்கணக்கு எத்துணை உறுதியுடையது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1990 இல் பிரான்சு நாட்டின் தாலுவார் என்னும் ஊரிற் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள் பத்து அங்கங்கொண்ட பிரகடனமொன்றை வெளியிட்டனர். வாக்குறுதி பிறந்தது, அதனை அளக்கும் கோல் பிறக்கவில்லை. இருபதாண்டுகள் கழிந்து, 2010 இல், இரு கோல்கள் தோன்றின. ஒன்று, வட அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களின் நிலைபேற்றுச் சங்கம் வகுத்த 'ஸ்டார்ஸ்' என்னும் முறை. மற்றையது, இந்தோனேசியப் பல்கலைக்கழகம் தொடக்கிய 'கிரீன்மெற்றிக்' என்னும் தரவரிசை. முன்னையது 25 புள்ளிக்கு வெண்கலம், 45 க்கு வெள்ளி, 65 க்குப் பொன், 85 க்குப் பிளாற்றினம் என நிலையான படிகளை வகுத்தது. பின்னையது நிறுவனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முன்பின்னாக நிறுத்தியது.

தமிழில் அளவை நூலார் அறிவு பெறும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகத் தொகுத்துக் கூறுவர். இப்பாகுபாடு நிலைபேற்று அறிக்கைகளை நிறுத்துப் பார்ப்பதற்கும் பெரிதும் உதவும். மின்மானியும் நீர்மானியும் காட்டும் எண் காண்டலின் பாற்படும். எரித்த எண்ணெயினின்று எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளிப்பட்டது எனக் கணித்தறிவது கருதல். 'எம்மிடம் நிலைபேற்றுக் குழு உண்டு. திட்டம் உண்டு' என நிறுவனத்தார் எழுதித் தருவது உரை. உரை பொய்யென்பது கருத்தன்று. எனினும், குழு இருப்பதற்கும் குழுவினாற் பயன் விளைவதற்கும் இடையே பெரு வேறுபாடுண்டு. ஏற்பாட்டுக்கும் விளைவுக்கும் வழங்கிய புள்ளிகளை ஒரே கூடையிற் கூட்டும்போது அவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது. பொன்னும் வெள்ளியும் பெற்ற இரு கல்லூரிகளுள் எரிபொருளை மெய்யாகவே குறைத்தது எது என்பதைப் பதக்கம் மட்டும் பார்த்துக் கூறல் இயலாது.

கருதலளவையிலும் இடர்ப்பாடு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்து மிடில்பரிக் கல்லூரி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 2016 ஆம் ஆண்டளவில் காபன் சமநிலை எய்துவதென 2007 இல் அக்கல்லூரி உறுதிபூண்டது. 2009 இல் மரச்சீவல்களை வாயுவாக்கி எரிக்கும் வெப்பநிலையம் ஒன்றை நிறுவி, எரியெண்ணெய்ப் பயன்பாட்டை வெகுவாகக் குறைத்தது. எஞ்சிய வெளியேற்றத்துக்கு ஈடாக, தனக்குரிய ஏறத்தாழ 2,100 ஏக்கர் வனத்தைப் பாதுகாத்ததனாற் கிடைத்த காபன் வரவைக் காட்டி, 2016 இறுதியில் இலக்கை எய்தியதாக அறிவித்தது. எண்ணெயைக் குறைத்தமை மெய்யான சாதனை. ஆயின், எரிந்த மரமும் புகையை வெளியிடுகின்றது; அப்புகையை மீண்டும் உறிஞ்சக் காடு பல்லாண்டு வளர்தல் வேண்டும். பாதுகாக்கப்பட்ட வனமோ முன்னரே அங்கு நின்ற வனம். பாதுகாப்பு இல்லாதிருப்பின் அது வெட்டப்பட்டிருக்குமா என்னும் வினாவுக்கு விடை காணாது அவ்வரவின் அளவை நிறுவ முடியாது. கணக்கிற் சூனியம் எழுதப்பட்டதாயினும், வானிற் சூனியம் எழுதப்பட்டதாகக் கொள்வதற்கில்லை. இவ்வாறு ஆராய இடமளித்ததும் அக்கல்லூரி தன் கணக்கின் கூறுகளை மறையாது கூறியமையே என்பதையும் உடன் கூறல் வேண்டும்.

எல்லை வகுத்தல் பிறிதொரு சிக்கல். தானே எரிக்கும் எரிபொருள் முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாம் வட்டம். பயணம், கொள்வனவு முதலிய ஏனையவை மூன்றாம் வட்டம் எனக் காபன் கணக்காளர் பகுப்பர். உணவுச்சாலையை ஒப்பந்தகாரரிடம் விட்ட கல்லூரி, அங்கு எரியும் வாயுவை முதல் வட்டத்தினின்று நீக்கிவிடலாம். வாயு முன்போலவே எரியும். மாறியது ஏடு மாத்திரமே.

தரவரிசையின் குறை இன்னும் வெளிப்படையானது. கிரீன்மெற்றிக் முறையிற் 2012 இல் கல்வி ஆறாவது பிரிவாகச் சேர்ந்தபின், அமைவிடத்துக்கு 15, ஆற்றலுக்கும் காலநிலைக்கும் 21, கழிவுக்கு 18, நீருக்கு 10, போக்குவரத்துக்கு 18, கல்விக்கு 18 என நூறு பங்கு வகுக்கப்பட்டது. அமைவிடப் பிரிவிலே திறந்த வெளியும் வனப்பரப்பும் மதிப்புப் பெறும். மழைவளமுடைய நாட்டில் அகன்ற வளவு வாய்த்த பல்கலைக்கழகம் இயற்கையின் கொடையாற் புள்ளி ஈட்டும். நகர நடுவில் மாடிக் கட்டடத்தில் இயங்கும் நிறுவனம் எத்துணைச் சிக்கனமாக வாழினும் அப்புள்ளியை அடைதல் அரிது. நீருக்குப் பத்தே பங்கு என்பது வரட்சி நாட்டுக்கும் வெள்ள நாட்டுக்கும் ஒருங்கே பொருந்துமா?

இக்குறைகளாற் கணக்கே வேண்டாவெனல் பேதைமை. அளவாதவற்றைத் திருத்துதல் அரிது. ஸ்டார்ஸ் அறிக்கைகள் எவரும் படிக்குமாறு வெளியிடப்படுகின்றன. ஒரு முறை பெற்ற தரம் மூன்றாண்டுகளே செல்லும். இவ்விரண்டும் போற்றத்தக்கன. பதக்கத்தினும் பயனுடையது அதன் பின்னுள்ள ஏடே. அவ்வேட்டில் ஏற்பாடும் விளைவும் தனித்தனியே நிற்றல் வேண்டும். எல்லை எங்கு வரையப்பட்டது என்பது முதற் பக்கத்திலேயே விளங்கல் வேண்டும். அயல் நிறுவனத்தோடு ஒப்பிடுவதினும் தன் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுதல் முதன்மை பெறல் வேண்டும். தவறிய இலக்குகளும் எய்திய இலக்குகளோடு ஒருங்கே இடம்பெறல் வேண்டும். மாணவனின் விடைத்தாளைத் திருத்தும் நிறுவனம் தன் விடைத்தாளைத் தானே திருத்திப் பரிசும் பெறுமாயின், அது கற்பிக்கும் ஆராய்ச்சி நெறியே மதிப்பிழக்கும். காடும் நீரும் போலவே வாய்மையும் வருங்காலத்தார்க்கு எஞ்சவேண்டிய செல்வமாம்.