ஐ.நா. பணிநீக்கமும் கல்முனை ஊழியரும்: உள்ளகத் தீர்ப்பாய முறையின் எல்லை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிக உயிர்களை இழந்த அம்பாறைக் கரையோரத்தில், கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களின் படித்த இளைஞர் பலருக்குச் சர்வதேச நிறுவனங்களின் மீள்கட்டுமானத் திட்டங்கள் வேலை தந்தன. ஊர்வழக்கில் அவை யாவும் ‘என்ஜிஓ வேலை’யே, ஆனால் வேலை பறிபோகும்போது, வேலை தந்தவர் யார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் பொதுவாக இலங்கைச் சட்டத்துக்கு உட்பட்டதாகையால், அதன் ஊழியர் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.நா. அமைப்போ, 1946ஆம் ஆண்டுச் சமவாயம் வழங்கும் விடுபாட்டுரிமையால், அதாவது உள்நாட்டு நீதிமன்றங்களின் நியாயாதிக்கத்துக்கு ஆட்படாதிருக்கும் உரிமையால், அத்தகைய வழக்குக்கு அப்பாற்பட்டு நிற்கிறது.

இவ்வுரிமை காரணமற்றதன்று, ஒவ்வொரு நாட்டு அரசும் தன் நீதிமன்றங்கள் வழியே ஐ.நா.வை நெருக்க முடியுமாயின் அதன் நடுநிலை நிலைக்காது. உள்நாட்டு நீதிமன்ற வழியை இழக்கும் ஊழியருக்கு ஈடாகவே 1949இல் ஐ.நா. நிர்வாகத் தீர்ப்பாயம் அமைந்தது. அமெரிக்காவின் கம்யூனிச எதிர்ப்பு அலையில் நீக்கப்பட்ட ஊழியர் 11 பேருக்கு அது வழங்கிய இழப்பீட்டைப் பொதுச் சபை மறுக்க முடியாதென 1954இல் சர்வதேச நீதிமன்றம் கூறியதே இம்முறையின் உண்மையான பலம். தஞ்சைத் தமிழரும் தொழிற்சட்ட வழக்கறிஞருமான ஆர். வெங்கட்ராமன், இந்தியக் குடியரசுத் தலைவராவதற்கு முன், 1955 முதல் 1979 வரை இத்தீர்ப்பாயத்தில் உறுப்பினராக இருந்தார் என்பது தமிழ் வாசகர் அதிகம் அறியாத செய்தி.

2009இல் பழைய தீர்ப்பாயத்தின் இடத்தில் பிணக்குத் தீர்ப்பாயமும் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயமும் வந்தன. ஒழுக்காற்றுக் காரணத்தால் ஒருவரை நீக்கினால் குற்றத்தைத் தெளிவான, நம்பத்தக்க சான்றுகளால் நிர்வாகமே நிறுவ வேண்டும் என்பதும், ஊழியருக்கு இலவசச் சட்ட உதவி உண்டென்பதும் பாராட்டத்தக்கவை. எனினும் நீக்கம் தவறெனத் தீர்ப்பாயம் கண்டு அதை இரத்துச் செய்தாலும், ஊழியரை மீள அமர்த்துவதற்குப் பதிலாக, வழமையாக இரண்டாண்டு அடிப்படைச் சம்பளத்துக்கு மேற்படாத தொகையைக் கொடுத்துவிட்டு நிர்வாகம் விலகிக்கொள்ளலாம். காலவரையறை நியமனம் புதுப்பிக்கப்படாவிட்டால் நிலைமை இன்னும் கடினம். புதுப்பித்தலை எதிர்பார்க்கும் உரிமை விதிகளில் இல்லாததால், உள்நோக்கம் இருந்ததென நிறுவும் சுமை ஊழியர் மேலேயே விழுகிறது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. இத்தீர்ப்பாயங்கள் நியமனக் கடிதம் பெற்ற ‘பணியாளருக்கு’ மட்டுமே உரியவை. சேவை ஒப்பந்தத்திலோ தனிநபர் ஆலோசகராகவோ களத்தில் உழைப்பவருக்கு அங்கே நுழைவில்லை. பேச்சுவார்த்தை தோற்றால் அவருக்கு எஞ்சுவது நடுத்தீர்ப்பு, அதாவது இரு தரப்பும் ஏற்கும் நடுவரிடம் செல்லும் வழி மட்டுமே. சில மாதச் சம்பளத்துக்காகக் கல்முனையிலிருந்து ஒருவர் அதை நடத்துவார் என எதிர்பார்ப்பது நடைமுறை அறியாத எண்ணம். நியாயமான மாற்று வழி இருக்கிறதா என்பதை வைத்தே விடுபாட்டுரிமையை எடைபோட வேண்டுமென ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999இல் வகுத்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், நியமனக் கடிதம் பெற்ற பணியாளர் அளவில் ஐ.நா. முறை தேறுகிறது, அக்கடிதமில்லா ஒப்பந்த ஊழியர் அளவில் தேறவில்லை. அவர்களுக்கும் பிணக்குத் தீர்ப்பாயத்தைத் திறக்க வேண்டும், அன்றேல் அவர்களது வழக்குகளுக்கு மட்டுமேனும் விடுபாட்டுரிமையைக் கைவிட்டு உள்ளூர்த் தொழில் நியாய சபையை ஏற்க வேண்டும் என்று இலங்கை போன்ற நாடுகள் பொதுச் சபையில் கோருவதே முறை.