மூச்சும் தூசும்: டீசல் டிரக்குக்கு மாற்று ஏர் இன்டேக் தேவையா?

அமெரிக்காவில் டீசல் பிக்அப் டிரக் வாங்குகிறவர்கள் முதலில் கை வைக்கும் பாகங்களில் ஒன்று ஏர் இன்டேக். ஃபோர்டின் பவர்ஸ்ட்ரோக், ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ், ராம் வண்டியின் கம்மின்ஸ் என எந்த எஞ்சினுக்கும் சந்தையில் பல கிட்கள் உண்டு. சில நூறு டாலர் செலவு, வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும் ஸ்பேனர் வேலை. எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், குதிரைத்திறன் கூடும், மைலேஜும் ஏறும் என்கிறது விளம்பரம். இந்த வாதம் பெட்ரோல் பந்தய வண்டிகளின் உலகில் பிறந்தது. டர்போ டீசலுக்கு அதை அப்படியே பொருத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றின் அளவுதான் திறனைத் தீர்மானிக்கிறது. டீசலில் அதைத் தீர்மானிப்பது இன்ஜெக்டர் பீய்ச்சும் எரிபொருளின் அளவு. ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று போதும். டீசல் எஞ்சின் முழுச் சுமையிலும் அதைவிட அதிகமான காற்றோடுதான் ஓடுகிறது. மிச்சமிருக்கும் காற்றோடு இன்னும் கொஞ்சம் காற்றைச் சேர்ப்பதால் மட்டும் திறன் பெருகிவிடாது. எரிபொருளையும் கூட்டினால்தான் அந்தக் காற்றுக்கு வேலை வரும்.

அடுத்தது, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ. இன்றைய டிரக்குகளில் கணினி ஒரு குறிப்பிட்ட பூஸ்ட் அழுத்தத்தை இலக்காக வைத்து டர்போவை இயக்குகிறது. ஃபில்டரில் சற்றுத் தடை இருந்தால் டர்போ சற்றுக் கூடுதலாக உழைத்து அதே அழுத்தத்தை எட்டிவிடும். இன்டேக்கின் தடையை நீரங்குலத்தில், அதாவது அத்தனை அங்குல உயர நீர் தரும் அழுத்தமாக, அளப்பது வழக்கம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 407 நீரங்குலம். கணக்குக்காக, கம்பெனி இன்டேக்கின் தடை 15 அங்குலம், புதிய கிட்டின் தடை 8 அங்குலம் என்று கொள்வோம். மிச்சம் 7 அங்குலம். மொத்த அழுத்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. டர்போவின் சுமை அந்த அளவுக்குக் குறையும், வெளியேறும் புகையின் வெப்பமும் சற்றுத் தணியலாம். பயன் இருக்கிறது, ஆனால் ஓட்டுகிறவர் முதுகில் உணரும் அளவுக்கு இல்லை.

மாற்று இன்டேக்குக்கு நியாயமான இடமே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய இன்ஜெக்டர், பெரிய டர்போ, புதிய டியூனிங் என்று திறனை வெகுவாக உயர்த்திய வண்டிக்குக் கம்பெனி ஏர் பாக்ஸ் போதாமல் போகும். கம்பெனி வடிவமைப்பே குறையுள்ளதாக இருந்த நிகழ்வும் உண்டு. 2004–05ல் வந்த எல்.எல்.ஒய் வகை டியூராமேக்ஸ், பாரம் இழுத்து மலை ஏறும்போது சூடேறுவதில் பெயர் கெட்டது. டர்போவின் வாயில் இருந்த குறுகலான உள்வழிக் குழாய் அதற்கு ஒரு காரணம் என்பது அந்த வண்டியோடு பழகியவர்களின் கருத்து. 2006 மாடலில் அந்தக் குழாய் அகலமானது. பழைய வண்டிக்காரர்கள் பலர் அதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இதில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே அடைப்பு ஃபில்டரில் இல்லை, குழாயின் கடைசி வளைவில் இருந்தது. ஃபில்டரையும் பெட்டியையும் மட்டும் மாற்றியவருக்கு அந்த நோய் தீர்ந்திருக்காது.

இன்டேக்கின் முதல் கடமை தூசைத் தடுப்பது. விளம்பரம் இதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. 6.6 லிட்டர் எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் டர்போ இல்லாமலே நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்றை இழுக்கும். முழு பூஸ்டில் அது இரட்டிப்புக்கும் மேல் போகும். அத்தனை காற்றில் வரும் மணல் துகள் டர்போவின் இறக்கைகளை அரிக்கும். பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். ஃபில்டரின் தரத்தை அளக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சோதனை முறை இருக்கிறது. அந்த முறையில் டியூராமேக்ஸ் ஃபில்டர்களை ஒப்பிட்ட, டீசல் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்ட ஒரு சோதனையில் கம்பெனி காகித ஃபில்டர் 99.93 சதவீதத் தூசைப் பிடித்தது. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் ஒன்று 96.80 சதவீதம் பிடித்தது. இரண்டும் நூற்றுக்கு அருகில்தானே என்று தோன்றும். பிடிபடாமல் உள்ளே போனதைப் பாருங்கள்: 100 கிராமுக்கு ஒன்றில் 0.07 கிராம், மற்றதில் 3.2 கிராம். ஏறத்தாழ 45 மடங்கு. எல்லாப் பருத்தி ஃபில்டரும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் காற்றோட்டத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுவிட்டுத் தூசுக் கணக்கைச் சொல்லாமல் விடும் பெட்டியைச் சந்தேகிக்க இது போதும்.

கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பது பருத்தி ஃபில்டரின் நிறை. அதிலும் கவனம் தேவை. எண்ணெய் குறைந்தால் தூசு நுழையும். கூடினால் காற்றின் அளவைக் கணக்கிடும் சென்சாரின் மேல் படிந்து அதன் கணக்கைக் கெடுக்கும். அந்த சென்சார் இருக்கும் குழாயின் விட்டம் மாறினாலும் கணக்குத் தப்பும். பானெட்டுக்குள் மூடியில்லாமல் நிற்கும் கூம்பு ஃபில்டர் இன்னொரு வில்லங்கம். ரேடியேட்டரைத் தாண்டி வரும் சுடுகாற்றை அது இழுக்கிறது. 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். குறைந்த தடையால் கிடைத்த லாபம் அதிலேயே போய்விடும். பெரும்பாலான கம்பெனி ஏர் பாக்ஸ்கள் வெளிக்காற்றைத்தான் எடுக்கின்றன.

அப்படியானால் வண்டியின் திறனை அளக்கும் டைனோ சோதனையில் குதிரைத்திறன் கூடுகிறதே என்று கேட்கலாம். அழுக்கேறிய பழைய ஃபில்டரோடு முதல் ஓட்டம், பானெட்டைத் திறந்து விசிறி வைத்துப் புதிய கிட்டோடு இரண்டாம் ஓட்டம் என்றால் எண் கூடத்தான் செய்யும். அந்த லாபத்தில் பெரும்பகுதியைப் புதிய காகித ஃபில்டரே தந்திருக்கும். டர்போவின் விசில் சத்தம் நன்றாகக் கேட்கும் என்பதற்காக வாங்குகிறவர் சொல்லும் காரணமாவது நேர்மையானது. கேட்டது அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவில் பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு ஆணை எண் பெற்ற கிட் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்மாக் எனப்படும் புகைச் சோதனையில் சிக்கல் வரும். வாரண்டி விஷயத்தில் 1975ன் மேக்னசன்–மாஸ் சட்டம் வாங்கியவர் பக்கம் நிற்கிறது: வெளிப்பாகம் மாட்டினார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று நிறுவனம் காட்டிவிட்டால் பாதுகாப்பு இல்லை. எஞ்சினுக்குள் தூசு போயிருப்பதை நிறுவனம் காட்டுவது அப்படியொன்றும் கடினமல்ல.

ஆகவே பணத்தை எடுக்கும் முன் ஏர் பாக்ஸில் உள்ள தடைமானியைப் பாருங்கள். பாரம் இழுத்து முழு வேகத்தில் ஏறிய பிறகும் அது எல்லைக்குள் நின்றால் உங்கள் வண்டிக்கு மூச்சுத் திணறல் இல்லை. நல்ல காகித ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றினால் போதும். திறனை உயர்த்திய வண்டி என்றால், முழுதாக மூடிய பெட்டி, வெளிக்காற்று எடுக்கும் வழி, எண்ணெய் தேவைப்படாத பெரிய ஃபில்டர், இடுக்கில்லாத ரப்பர் இணைப்பு, வெளியிடப்பட்ட ஐ.எஸ்.ஓ. 5011 முடிவு ஆகிய ஐந்தும் உள்ள கிட்டை வாங்குங்கள். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் கம்பெனி பெட்டியே மேல்.