இஸ்ரேலிசம் (ஆவணப்படம்): ஒரு மதிப்பீடு

‘இஸ்ரேலிசம்’ 2023ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆவணப்படம். எரின் ஆக்சல்மன், சாம் ஐலர்ட்சன் ஆகியோர் இணைந்து இயக்கியது. சுமார் 84 நிமிடங்கள் ஓடுகிறது. இஸ்ரேல் மீதான பற்றோடு வளர்க்கப்பட்ட இரண்டு அமெரிக்க யூத இளைஞர்கள், பின்னர் அதே கேள்வியில் தங்களை வளர்த்த சபையோடு முரண்பட்டதைப் படம் சொல்கிறது. இயக்குநர்களும் யூதர்களே.

பின்னணி

யூதர்களுக்குப் பாலஸ்தீன மண்ணில் ஒரு தேசிய இல்லம் வேண்டும் என்ற அரசியல் இயக்கமே சியோனிசம். 1897இல் தியோடர் ஹெர்சல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதன் முதல் மாநாட்டைக் கூட்டினார். 1948இல் இஸ்ரேல் உருவானது. அந்தப் போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தனர். 1967 போரில் மேற்குக் கரையும் காசாவும் இஸ்ரேலிய ராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

அமெரிக்க யூதர் பலருக்கு சினகாக் எனப்படும் தொழுகைக்கூடம் வழிபாட்டிடம் மட்டுமன்று. குழந்தை எபிரேய எழுத்துகளைக் கற்பது, பதின்மூன்றாம் வயதில் சமயச் சடங்கு செய்துகொள்வது, கோடை முகாமுக்குச் செல்வது, மணம், மரணம் எல்லாம் அந்தச் சபையைச் சார்ந்தவை. பல சினகாக்குகளின் மேடையில் அமெரிக்கக் கொடிக்கு அருகே இஸ்ரேல் கொடியும் நிற்கும். ஓய்வுநாள் வழிபாட்டில் இஸ்ரேல் நாட்டுக்கான பிரார்த்தனையும் பல இடங்களில் உண்டு. இந்தச் சூழலில் வளரும் பிள்ளைக்கு மதம் எங்கே முடிகிறது, அரசியல் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. பிற்காலத்தில் அரசியலை மறுத்தால் குடும்பத்தையே மறுத்ததாக ஆகிவிடுகிறது.

படத்தின் போக்கு

சிமோன் சிம்மர்மன் லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்தவர். யூதப் பள்ளியில் படித்தவர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் இஸ்ரேல் தொடர்பான முதலீடுகளைத் திரும்பப் பெறும் தீர்மானம் மாணவர் மன்றத்துக்கு வந்தபோது, அதை எதிர்க்கும் அணியில் நின்றார். அங்கே பாலஸ்தீன மாணவர்கள் சொன்னவை அவருக்குப் புதிதாக இருந்தன. தன் தலைவர்களிடம் விளக்கம் கேட்டார். அவருக்குக் கிடைத்தவை எதிர்வாதக் குறிப்புகளே. பின்னர் மேற்குக் கரைக்குச் சென்று நேரில் பார்த்தார்.

இரண்டாமவர் ஏய்டன். இஸ்ரேலிய ராணுவத்தில் சேர்ந்து மேற்குக் கரையில் பணியாற்றியவர். அங்கே கண்டவற்றையும் தானே செய்தவற்றையும் கேமராவின் முன் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். நோம் சோம்ஸ்கி, கார்னல் வெஸ்ட் போன்றோரோடு, யூத வெறுப்புக்கு எதிரான அமைப்பொன்றின் முன்னாள் தலைவரான ஏப் ஃபாக்ஸ்மனும் பேசுகிறார்.

நிறைகள்

படத்தின் வலுவான பகுதி கல்வியைப் பற்றியது. பாட்டு, நடனம், கொடி, முகாம், இலவசப் பயணம் ஆகியவற்றின் வழியே ஒரு நாட்டின் மீதான அன்பு எவ்வாறு வளர்க்கப்படுகிறது என்பதைப் படம் படிப்படியாகக் காட்டுகிறது. இந்தப் பாடங்களில் பாலஸ்தீனர் ஏறக்குறைய இடம்பெறவே இல்லை. ஒரு மாணவி கேள்வி கேட்கிறாள். ஆசிரியரிடம் பதில் இல்லை. “எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லியிருந்தால் அவள் அங்கேயே இருந்திருப்பாள். கேட்டவளையே சந்தேகித்தபோதுதான் அவள் வெளியே தேடத் தொடங்கினாள். வகுப்பறையில் நின்ற எவருக்கும் இந்த இடம் உறுத்தும்.

இன்னொன்று. இந்த இளைஞர்கள் மதத்தைத் துறக்கவில்லை. சிமோன் 2014இல் ‘இஃப்நாட்நவ்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அவ்வாண்டு காசா போரின்போது அவ்வமைப்பினர் நியூயார்க்கில் யூத அமைப்புகளின் தலைமைக் கூட்டமைப்பு அலுவலகத்தின் முன் கூடி, இருதரப்பிலும் இறந்தவர்களுக்காக ‘கத்தீஷ்’ சொன்னார்கள். கத்தீஷ் இறந்தோருக்காகச் சபையில் சொல்லும் பிரார்த்தனை. அதில் மரணம் என்ற சொல்லே வராது. இறைவனைப் புகழ்வது மட்டுமே. அதைச் சொல்ல மரபுப்படி பத்துப் பேர் கூடவேண்டும். அதாவது, சபை கற்றுக்கொடுத்த பிரார்த்தனையையும் கூடிநிற்கும் வழக்கத்தையும் கொண்டே சபைத் தலைவர்களிடம் கேள்வி கேட்டார்கள்.

குறைகள்

படத்தில் சபையின் சாதாரண மனிதர்கள் போதிய அளவு பேசுவதில்லை. அமைப்புகளின் தலைவர்களும் ஊழியர்களும் பேசுகிறார்கள். ஐரோப்பிய யூத இனப்படுகொலையில் உறவினரை இழந்த ஒரு பாட்டி, மகளோடு பேச்சு முறிந்த ஒரு தந்தை ஆகியோரின் குரல் வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. 60 லட்சம் பேர் கொல்லப்பட்ட சமூகத்தில் “போவதற்கு ஓரிடம் வேண்டும்” என்ற எண்ணம் வெறும் பிரச்சாரத்தால் வந்ததல்ல. அந்த அச்சத்தின் முழு கனத்தையும் காட்டிய பிறகு அதோடு வாதிட்டிருந்தால் படத்தின் வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கும்.

இரண்டாவது குறை வரலாறு. இது புதிய தலைமுறையின் கலகம் என்ற எண்ணமே படம் முடியும்போது எஞ்சுகிறது. உண்மையில் இந்தச் சண்டை சினகாக்குகளுக்குள் நூறாண்டுக்கு மேல் நடப்பது. 1885இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய சீர்திருத்த யூத ராபிகள் (மதகுருக்கள்), யூதர் ஒரு மதச் சமூகமே, தேசம் அல்லர் என்று அறிவித்தனர். 1937இல் கொலம்பஸ் நகர அறிக்கையில் அவர்களின் வழிவந்தோர் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டனர். மாற்றத்தை ஏற்காதவர்கள் 1942இல் யூத மதத்துக்கான அமெரிக்க மன்றத்தைத் தொடங்கினர். கடும் ஆசாரவாதிகளான சத்மார் ஹசிதியர்கள் முற்றிலும் வேறான மதக் காரணங்களால் இன்றும் சியோனிசத்தை எதிர்க்கிறார்கள்.

இதில் ஹூஸ்டன் நிகழ்ச்சி தனியாகக் கவனிக்கத்தக்கது. டெக்சஸின் மிகப் பழைய சபையான பெத் இஸ்ரேல், 1943இல் சியோனிசத்தை மறுக்கும் அடிப்படைக் கொள்கைகளை நிறைவேற்றியது. அவற்றை ஏற்காத உறுப்பினருக்கு வாக்குரிமை இல்லை. சியோனிசத்தை ஆதரித்தவர்கள் பிரிந்துபோய் 1944இல் இம்மானு எல் என்ற புதிய சபையை அமைத்தார்கள். பிறந்த சபையைவிட்டு வெளியேறும் துயரம் அன்று சியோனிஸ்டுகளுடையது.

இன்று நிலை தலைகீழ். பல்கலைக்கழக யூத மாணவர் அமைப்பான ஹில்லெல் 2010இல் வகுத்த விதிகளின்படி, இஸ்ரேலை யூத நாடாக ஏற்காதவர்களையும் இஸ்ரேல் புறக்கணிப்பை ஆதரிப்பவர்களையும் அழைத்துப் பேசவைக்க முடியாது. 2013இல் ஸ்வார்த்மோர் கல்லூரிக் கிளை அந்த விதியை ஏற்க மறுத்தது. ஹூஸ்டனில் கொள்கை வேறு. கையெழுத்துக் கேட்ட முறை ஒன்றுதான்.

வரவேற்பு

2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்கும் அதைத் தொடர்ந்த காசா போருக்கும் முன்பே படம் முடிந்துவிட்டது. ஆயினும் அதன் பிறகே அதிகம் பேசப்பட்டது. நியூயார்க் ஹண்டர் கல்லூரி அவ்வாண்டு நவம்பரில் திரையிடலை ரத்து செய்தது. எதிர்ப்பு எழுந்தபின் டிசம்பரில் படம் அங்கே காட்டப்பட்டது. கேள்விக்குப் பதிலாகக் கதவடைப்பு கிடைக்கும் என்று படம் சொன்னதற்கு இதுவே சான்றாகிவிட்டது.

மதிப்பீடு

மாணவர்கள் இப்படத்தைக் கட்டாயம் பார்க்கலாம். ஹூஸ்டன் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஒரு நாட்டைப் பற்றிய கருத்தைச் சபையில் இருப்பதற்கான நிபந்தனையாக்கினால், எந்தக் கருத்து வென்றாலும் சிலர் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். அவர்கள் பெரும்பாலும் சபை சொன்ன பாடத்தை ஊன்றிக் கேட்ட பிள்ளைகளாகவே இருப்பார்கள். அவர்கள் வெளியேறியதைப் படம் நன்றாகச் சொல்கிறது. கருத்து மாறியும் அதே பெஞ்சில் பெற்றோர் அருகே அமர்ந்திருப்பவர்களைப் பற்றிய படம் இன்னும் எடுக்கப்பட வேண்டும்.