டாலிகஞ்ச் பக்கத்துக் கவிஞர்களை ரசிப்பது எப்படி?

டாலிகஞ்ச் என்றதும் கொல்கத்தாக்காரர்களுக்கு சினிமா ஸ்டுடியோக்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்குள்ள மெட்ரோ நிலையத்துக்கும் வங்கத் திரைநடிகர் மகாநாயக் உத்தம்குமாரின் பெயர்தான். ஆனால் ரயில் அங்கிருந்து தெற்கே போகப்போக, பெயர்ப் பலகைகளில் இலக்கியம் ஏறிக்கொள்கிறது. நாக்தலா நிலையம் 'கீதாஞ்சலி', கரியா பஜார் நிலையம் 'கவி நஜ்ருல்', நியூ கரியா நிலையம் 'கவி சுபாஷ்'. இந்த சுபாஷ், நேதாஜி அல்லர். அவர் பெயரில் தனி நிலையம் உண்டு. இவர் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாய் (1919–2003).

கவிஞர்களின் பெயரை ரயில் நிலையத்துக்கு வைக்கும் பழக்கம் ஓர் ஊருக்குச் சும்மா வந்துவிடாது. எழுதியவர்களுக்குப் பக்கத்திலேயே, அவர்களை ஊன்றிப் படித்து, நல்லது எது, ஏன் நல்லது என்று வாசகர்களுக்குச் சொன்னவர்களும் இருந்தார்கள். வங்கக் கவிதையை ரசிக்க விரும்பும் தமிழ் வாசகருக்கு என் யோசனை இதுதான்: கவிஞரைத் தனியாகப் படிக்காதீர்கள். அவரை முதலில் அடையாளம் கண்ட விமரிசகரோடு சேர்த்துப் படியுங்கள்.

ஓர் இணையைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குவதற்கு ஜீபனானந்த தாஸ் (1899–1954), புத்ததேவ போஸ் (1908–1974) என்ற இணையை விடப் பொருத்தமானது இல்லை. முன்னவர் பரிசாலில் பிறந்த கவிஞர், கூச்ச சுபாவி, ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தவர். பின்னவர் கொமிலாவில் பிறந்தவர். கவிஞர், நாவலாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பத்திரிகை ஆசிரியர். வயதில் ஒன்பது ஆண்டு இளையவரான புத்ததேவ், டாக்காவில் 'பிரகதி' இதழை நடத்திய இருபது வயதிலேயே ஜீபனானந்தருக்காக வாதாடத் தொடங்கிவிட்டார்.

1935இல் கொல்கத்தாவில் 'கவிதா' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். கவிதைக்கும் கவிதை பற்றிய எழுத்துக்கும் மட்டுமேயான இதழ் அது. 1961 வரை வந்தது. அதன் இரண்டாவது இதழில்தான் இன்று வங்காளத்தில் எல்லாருக்கும் தெரிந்த 'வனலதா சென்' வெளியானது. மறு ஆண்டு வந்த 'தூசர் பாண்டுலிபி' தொகுப்பை ஜீபனானந்தர் புத்ததேவுக்கே சமர்ப்பித்தார். 1942இல் 'ஒரு பைசாவுக்கு ஒன்று' என்ற வரிசையில், பக்கத்துக்கு ஒரு பைசா என்ற கணக்கில், பதினாறு பக்கப் புத்தகமாக 'வனலதா சென்' தொகுப்பை வெளியிட்டவரும் புத்ததேவ்தான். பாராட்டிக் கட்டுரை எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அச்சடித்தார், விலையைக் குறைத்தார், வாசகர் கையில் சேர்த்தார்.

கவிதை, கட்டுரை, மறுபடி கவிதை

படிக்கும் வரிசை முக்கியம். முதலில் கவிதை மட்டும். 'வனலதா சென்' பதினெட்டே வரி. ஆறு ஆறு வரியாக மூன்று பத்தி. வங்க மொழி தெரியாவிட்டால் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. ஒரே கவிதைக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படியுங்கள். மூலம் எங்கே பிடிகொடுக்கவில்லை என்பது அவை வேறுபடும் இடங்களில் தெரியும். அந்தக் கவிதையில் வரும் ஊர்ப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இலங்கைக் கடலும் மலாயாக் கடலும், விதிஷாவும் சிராவஸ்தியும் வருகின்றன. இத்தனை பெரிய பரப்பும் கடைசியில் நாட்டோர் என்ற ஒரு சிற்றூரில் வந்து அடங்குகிறது. அந்தச் சுருக்கம்தான் கவிதையின் ஆற்றல்.

அடுத்து விமரிசனம். புத்ததேவின் 'காலேர் புதுல்' (1946) கட்டுரைத் தொகுதியில் தம் காலத்துக் கவிஞர்களை அவர் எடைபோடுகிறார். ஜீபனானந்தரை இயற்கையும் புலன்களும் சார்ந்த, தனிமையின் கவிஞராக அவர் காட்டினார். பிறகு கவிதைக்கே திரும்புங்கள். முதல் வாசிப்பில் தவறவிட்ட வாசனை, நிறம், அமைதி எல்லாம் இப்போது மேலே எழும்.

அடுத்த படி, அந்த விமரிசனத்தையே சோதிப்பது. 'தனிமைக் கவிஞர்' என்ற படம் வாசகர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஆனால் 'சாத்டி தாரார் திமிர்' (1948) தொகுதியைத் திறந்தால், போர்க்காலக் கல்கத்தாவின் நள்ளிரவுத் தெருவும், பிச்சைக்காரர்களும், தொழுநோயாளியும் வருகிறார்கள். மதக் கலவர ஆண்டுகளைப் பற்றி '1946–47' என்றே தலைப்பிட்ட கவிதையும் அவருக்கு உண்டு. விமரிசகர் ஒரு கதவைத் திறந்துவிடுகிறார். வீட்டின் மற்ற அறைகளுக்கு நாமேதான் போக வேண்டும்.

காதால் படியுங்கள்

வங்காளத்தில் கவிதை வாய்விட்டுச் சொல்லப்படுவது. 'ஆவ்ருத்தி' என்ற கவிதை ஒப்புவித்தலைக் குழந்தைகள் வகுப்புக்குப் போய்க் கற்கிறார்கள். மேடையில் தனிக் கலையாகவே அது நடக்கிறது. நாடகக் கலைஞர் சம்பு மித்ராவின் கவிதை வாசிப்புகளைத் தேடிக் கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் ஓசை புரியும்.

கேட்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். வங்க மொழியின் பழைய செய்யுள் வடிவமான பயார், பதினான்கு அசை கொண்ட வரி. எட்டில் ஒரு சிறு நிறுத்தம், பிறகு ஆறு. ஜீபனானந்தர் இந்த அடியை உடைக்காமல் நீட்டினார். எட்டு, எட்டு, ஆறு என்றும், எட்டு, எட்டு, பத்து என்றும் வரிகள் நீண்டுகொண்டே போகின்றன. நடந்து களைத்தவர் பேசுவது போன்ற அந்த மந்த கதி இப்படித்தான் பிறந்தது. விரல்விட்டு எண்ணிக்கொண்டே ஒரு முறை கேளுங்கள். புதுமை என்பது மரபை எவ்வளவு நுட்பமாகக் கையாள்வது என்று விளங்கும்.

எதிர்த்தவரையும் படியுங்கள்

பாராட்டியவர்களை மட்டும் படித்தால் அந்தக் காலத்தின் சூடு தெரியாது. சுதீந்திரநாத தத்தா 1931இல் தொடங்கிய 'பரிசய்' இதழில் ஜீபனானந்தரின் 'கேம்ப்பே' கவிதை 1932இல் வந்தபோது, ஆபாசம் என்று கண்டனம் எழுந்தது. 'சனிபாரேர் சிட்டி' இதழின் சஜனிகாந்த தாஸ் அவரை விடாமல் கேலி செய்துவந்தார். அந்தக் கேலிகளைப் படித்தால், அன்றைய சராசரிக் காதுக்கு இந்தக் கவிதை எவ்வளவு அந்நியமாக ஒலித்தது என்று தெரியும். அதன் புதுமைக்கு எதிரி எழுதிய சாட்சியம் அது.

1954 அக்டோபர் 14ஆம் தேதி மாலை, தேசப்பிரிய பார்க் அருகே ராஷ்பிஹாரி அவென்யூவில் ஜீபனானந்தர் மீது டிராம் மோதியது. எட்டு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். அந்த நாட்களில் அவருக்கு நல்ல சிகிச்சை கிடைக்கவேண்டும் என்று அலைந்தவர்களில் சஜனிகாந்தரும் ஒருவர். எழுத்தில் எவ்வளவு கடுமையாக மோதினாலும், அந்த மோதல் இலக்கியத்தின் மேல் இருந்த அக்கறையால் வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நடந்து பாருங்கள்

கொல்கத்தா போனால் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். தமிழர்கள் வெகுகாலமாக வாழும் லேக் மார்க்கெட்டில் காபி குடித்துவிட்டு, ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்கே நடக்கலாம். டாலிகஞ்ச்–பாலிகஞ்ச் டிராம் இந்தச் சாலை வழியாகத்தான் ஓடியது. இதே சாலையில் 202ஆம் எண் வீட்டில்தான் 'கவிதா பவன்' இருந்தது. புத்ததேவின் குடும்பமும் பத்திரிகையும் பதிப்பகமும் அங்கேயே இருந்தன. இளம் கவிஞர்கள் கூடிப் பேசும் 'அட்டா'வும் அங்கேதான். 1966இல் புத்ததேவ் நாக்தலாவுக்குக் குடிபெயர்ந்தார். பக்கத்து ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் 1956இல் அவர் தொடங்கிய ஒப்பிலக்கியத் துறை இன்றும் இயங்குகிறது.

வடக்கே கல்லூரித் தெருவுக்கு அருகில் டேமர் லேனில், சந்தீப் தத்தா 1978இல் தொடங்கிய சிற்றிதழ் நூலகம் இருக்கிறது. சுனில் கங்கோபாத்யாய் நண்பர்களோடு 1953இல் தொடங்கிய 'கிருத்திபாஸ்' போன்ற இதழ்களின் பழைய பிரதிகளைப் பார்க்க நேர்ந்தால், கவிதைகளை மட்டும் புரட்டாதீர்கள். மதிப்புரைப் பக்கங்களைப் படியுங்கள். ஒரு தலைமுறை தன் ரசனையை எப்படிச் செதுக்கிக்கொண்டது என்பது அங்கேதான் பதிவாகியிருக்கிறது.

நம் வீட்டிலும் இது உண்டு

கவிஞருக்கும் விமரிசகருக்கும் இடையிலான இந்த உறவு வங்காளத்துக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் நார்த்ராப் ஃப்ரை, 1950களில் ஆண்டுதோறும் தம் நாட்டில் வெளிவந்த ஆங்கிலக் கவிதை நூல்களை 'டொராண்டோ பல்கலைக்கழகக் காலாண்டித'ழில் மதிப்பிட்டார். உலகப் புகழ்பெற்ற கோட்பாட்டாளர், உள்ளூர்க் கவிஞரின் முதல் தொகுப்பையும் பொறுமையாகப் படித்தார். அதே டொராண்டோவில் ஈழத்தமிழ்ப் படைப்புகளுக்காகச் செல்வா கனகநாயகம் அப்படி உழைத்தார். இலங்கைத் தமிழ் எழுத்தை ஆங்கில வாசகர்களுக்குக் கொண்டுசென்ற அவருடைய தொகைநூல் 2001இல் வந்தது. ஈழக் கவிஞர் சேரனின் கவிதைகளைப் படிப்பவர்கள் கனகநாயகத்தின் கட்டுரைகளையும் தேடிப் படிக்க வேண்டும்.

தமிழகத்தில் 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் இல்லாமல் புதுக்கவிதை இந்த வேகத்தில் காலூன்றியிருக்காது. 'கவிதா'வின் ஆசிரியருக்கும் 'எழுத்து'வின் ஆசிரியருக்கும் பணம் சேரவில்லை. மொழிக்குக் கவிஞர்கள் சேர்ந்தார்கள்.

ஆகவே, அடுத்த கவிதைத் தொகுப்பை வாங்கும்போது, அந்தக் கவிஞரைப் பற்றி அவர் காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு நல்ல கட்டுரையையும் தேடுங்கள். கவிஞர் நம் காலத்தவராக இருந்து, அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், பிடித்த கவிதை ஏன் பிடித்தது என்று நீங்களே ஒரு பக்கம் எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்புங்கள். இருபது வயதில் புத்ததேவ் போஸ் செய்ததும் அதுதான்.