விண்வெளிப் போரும் வீடிழந்த வீரனும்

விஞ்ஞானப் புனைகதையை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுவோர் இரு அமெரிக்க நாவல்களை ஒப்புநோக்குதல் வேண்டும். றொபேட் ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்றூப்பர்ஸ்’ (1959) நாவலில், மகன் படையிற் சேர்வதைத் தந்தை எதிர்க்கிறார். தாய் பகைவரின் தாக்குதலில் மடிந்தபின் அவரும் படையிற் சேர்கிறார். இறுதியில் மகனின் அணியிலேயே அவனுக்குக் கீழ்ச் சார்ஜனாகப் பணியாற்றுகிறார். குடும்பப் பிணக்கைப் படையே தீர்த்துவைக்கிறது. தந்தை என்னும் உறவு படைத்தரத்துள் மறைந்துபோவதை ஆசிரியர் இழப்பாகக் கருதவில்லை.

வியட்நாமிற் போரிட்டுக் காயமுற்ற ஜோ ஹால்டமன் இத்தகைய ஆறுதலை ஏற்கவில்லை. ‘த ஃபொறெவர் வோர்’ (1974) நாவலின் மண்டெல்லா, ஒளியின் வேகத்தை அண்மிக்கும் கலங்களிற் சென்று போரிடுகிறான். அவனுக்குச் சில ஆண்டுகளே கழிய, பூமியில் 26 ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. முதுமை காரணமாக மருத்துவ உரிமை மறுக்கப்பட்ட தாயையும் அவன் இழக்கிறான். ஊர் திரும்பிய போர்வீரனின் அந்நியமாதலுக்கு இங்கு பௌதிக விதியே உருவகமாகின்றது. வீடின்மையே அவனை மீண்டும் படைக்கு அனுப்புகிறது.

வீடு திரும்பும் இப்பகுதி மிகுந்த சோர்வு தருவதெனக் கூறிப் பத்திராதிபர் பென் போவா அதனை வெளியிட மறுத்தார். பிற்காலப் பதிப்பிலேயே அது மீண்டும் இடம்பெற்றது. போரிலிருந்து மீள்பவனிடம் சமூகம் எதனைக் கேட்க விரும்புவதில்லை என்பதற்கு இம்மறுப்பே தக்க சான்றாகும்.